பதினெட்டாம் தேதி உலகப் போர் வராத விவரம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
அக்டோபர் 5, ஞாயிறு காலை

என் மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய பெரியண்ணன் மோகனராஜ் அவர்களுக்கு,

உங்கள் ஒரே தங்கை புஷ்பவள்ளி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும், என் இடது முழங்கால் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். தைப்பிங்கில் நீங்களும் அண்ணியும் உங்கள் சர்க்கரை அளவும் அடங்கி ஒடுங்கி இருக்கத் தண்ணீர்மலை முருகன் துணை நிற்கட்டும்.

ஆகஸ்டு மாதம் நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "வயசான காலத்துல சீட்டு எடுத்துட்டு உட்கார்ந்திருக்கியாமே? நம்ம குடும்பத்துல யாராச்சும் சீட்டைத் தொட்டிருக்காங்களா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல நான் மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் நீங்கள்தான் பேசினீர்கள். ஃபெரிங்கி கடற்கரை ஹோட்டலில் இருபத்தொன்பது வருடம் தொலைபேசி ஆபரேட்டராக இருந்து, நாற்பது நாட்டுக்காரர்களை நாற்பது நாட்டுக்காரர்களோடு இணைத்து வைத்தவள் நான். சொந்த அண்ணனிடம் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து படியுங்கள். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் படபடப்பு ஆகாது: நான் ஜெயித்துவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை தயாளன் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவர் உலகத்தை ஓட்ட ஆரம்பித்தார் என்பது தெரியாது. காலையில் கீழே ஹைதர் கடையில் ஒரு தே தாரிக் தேநீரோடு உலக அரசியல், மத்தியானம் தொலைக்காட்சியில் உலக அரசியல், சாயங்காலம் கைப்பேசியில், நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒருவர் மைக்கைக் கடிக்கிற மாதிரி பேசும் உலக அரசியல். அந்தக் குங்குமக்காரர்தான் ஜூன் மாதம் ஒரு நாள், மூன்றாம் உலகப் போர் செப்டம்பர் பதினெட்டாம் தேதி ஐரோப்பாவில் தொடங்கும், கிரகங்கள் முடிவு செய்துவிட்டன, இனி யாராலும் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மறுநாளே உங்கள் மாப்பிள்ளை தொண்ணூற்றாறு டின் சார்டின் வாங்கிவந்தார். பிறகு மெழுகுவர்த்தி. பிறகு நான்கு பெரிய பிளாஸ்டிக் பீப்பாய். அவற்றில் தண்ணீர் நிரப்பிக் குளியலறையில் வைத்ததிலிருந்து நான் பக்கவாட்டில் நின்றுதான் குளிக்கிறேன். இதெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஆண்களுக்கு ஓய்வுக்காலத்தில் ஏதாவது ஒரு போர் வேண்டியிருக்கிறது.

பொறுக்க முடியாதது எங்கள் மகள் ஷர்மினி விஷயம். உங்கள் மருமகள் பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் நிறுவனத்தில் எந்தக் கொள்கலனை எந்தக் கப்பலில் எந்த மூலையில் அடுக்குவது என்று திட்டம் போடுகிற வேலை பார்க்கிறாள் அல்லவா, அவளுக்கு ரோட்டர்டாமில் அதே வேலை, மூன்று மடங்கு பெரிய இடத்தில், தேடி வந்தது. நெதர்லாந்து, தொலைபேசியில் நாட்டு எண் முப்பத்தொன்று. அவள் மூன்று வருடம் காத்திருந்த வேலை. ஆகஸ்டு இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். செய்தியை அவள் சொன்னதும் உங்கள் மாப்பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"யூரோப்பா? சண்டை ஆரம்பிக்கிற இடமே அதுதான்லா! எல்லாரும் அங்கேருந்து ஓடி வரப்போற நேரத்துல நீ அங்க ஓடிப் போறியா?"

ஷர்மினிக்கு இருபத்தெட்டு வயது. விமானச் சீட்டை அவளே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவள் என்னிடம், "அப்பா வாயால போன்னு சொல்லாம நான் போக மாட்டேன்மா. போயிட்டு அங்க உட்கார்ந்து அழுறதுக்கு, இங்கயே இருந்துடறேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. நான் உங்கள் மாப்பிள்ளையிடம் எடுத்துச் சொல்லப் போனேன். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "புஷ்பா, உனக்கு உலக நடப்பு தெரியாது" என்றார். அண்ணே, இதே வாக்கியத்தைப் போன தீபாவளிக்கு முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நீங்களும் சொன்னீர்கள். எனக்கு நினைவிருக்கிறது. ஆபரேட்டர்கள் எதையும் மறப்பதில்லை.

இப்போது சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குக் குக்கர் வெயிட் தேடிப் போனேன். குக்கர் வெயிட் கிடைக்கவில்லை. ஒரு சீனக் கிழவர் தரையில் விரித்திருந்த துணியில், ஒரு பெட்டி நிறையப் படம் போட்ட சீட்டு இருந்தது. டாரட் சீட்டு, எதிர்காலம் பார்க்கலாம், விலை ஐந்து வெள்ளி என்றார். மொத்தம் எழுபத்தெட்டு படம். சூதாட்டச் சீட்டு இல்லை, அண்ணே, இதில் ரம்மி விளையாடவே முடியாது. ராஜா, ராணி, சூரியன், சந்திரன், தலைகீழாகத் தொங்குகிறவன், குதிரை மேல் எலும்புக்கூடு, மின்னல் விழுந்து இடிகிற கோபுரம் என்று ஒவ்வொன்றும் ஒரு கதை. கூடவே ஒரு சின்னப் புத்தகம், எந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று. அது முழுக்க ஜெர்மன் மொழி. ஜெர்மனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நாற்பத்தொன்பது என்கிற எண் மட்டும்தான். ஆகவே அர்த்தங்களை நானே வைத்துக்கொண்டேன். இருபத்தொன்பது வருடம் மனிதர்கள் தொலைபேசியில் கத்துவதையும் கெஞ்சுவதையும் பொய் சொல்வதையும் கேட்டவளுக்கு இதற்கு ஜெர்மன் எதற்கு? சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் ராஜாவைப் பார்த்ததும் எங்கள் பழைய மேலாளர் என்று தெரிந்துவிட்டது. தலைகீழாகத் தொங்குகிறவன், லைனில் காத்திருக்கிறவன். அவ்வளவுதான்.

முதல் ஆரூடம் தற்செயலாக நடந்தது. சாப்பாட்டு மேஜையில் சீட்டுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் இரண்டு நாடுகள் சமாதானம் பேசப் போய்ப் பாதியில் முறிந்துவிட்டதாகச் செய்தி. (எந்த நாடுகள் என்று எழுத மாட்டேன். கடிதங்களை யார் யார் படிக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.) "முடிஞ்சுது, இனிமே பேச மாட்டானுங்க!" என்று உங்கள் மாப்பிள்ளை கத்தினார். என் கையில் அப்போது இருந்த சீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தலையைத் தூக்காமல், "எழுந்து போனவன் திரும்பி வருவான். நாளன்னிக்குக் கையெழுத்து" என்றேன். இனிமேல் உன்னோடு பேசவே மாட்டேன் என்று ரிசீவரை அறைந்து வைக்கிறவன் பத்து நிமிடத்தில் அதே எண்ணைக் கேட்பான். இது எந்த ஆபரேட்டருக்கும் தெரியும். மூன்றாம் நாள் கையெழுத்தானது. உங்கள் மாப்பிள்ளை ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி என்னைப் பார்க்கவில்லை.

அடுத்தது ஒரு பிரதமர். அவர் பதவியை விடவே மாட்டார் என்று ஹைதர் கடையில் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். நான் எடுத்த சீட்டில் ஒருவன் எட்டுக் கிண்ணங்களை அடுக்கி வைத்துவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள போயிருவாரு" என்றேன். சனிக்கிழமையே போய்விட்டார். அன்றைக்கு உங்கள் மாப்பிள்ளை மேஜைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இந்த ஆளு யாரு? இந்த நாய் எதுக்கு?" என்று ஒவ்வொரு படமாகக் கேட்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஹைதர் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில்தான் உலக அரசியல். நான் சீட்டைப் போடுவேன், அவர் எந்த நாடு என்று சொல்வார், நான் அதன் தொலைபேசி எண்ணைச் சொல்வேன்.

உடனே செய்தி பரவியது. ஹைதரே பதினான்காம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்துவிட்டார். அவருக்கு வியாபாரக் கவலை: வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான் நிற்குமா, வருமா? நான் ஒரு சீட்டை எடுத்தேன். ஒருவன் காசை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலுக்குக் கீழேயும் இரண்டை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஒரு பெரிய நாடு எதையோ வெளிய விடாமப் பிடிச்சு வைக்கப் போகுது" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. வெங்காயம் என்று முடிவு செய்தது ஹைதர். முப்பது மூட்டை வாங்கினார். கடையில் இடமில்லாமல் எங்கள் மாடி நடையில் அடுக்கினார். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, எந்த நாடும் எதையும் நிறுத்தவில்லை. வெங்காயம் முளைவிட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ஆசியா பீவி காலையில் கதவைத் திறந்தால் மூட்டையிலிருந்து பச்சைத் தாள் நீட்டிக்கொண்டிருக்கும்.

"புஷ்பாக்கா, என் தொழுகை உடுப்பெல்லாம் வெங்காய வாடைக்கா. உங்க உலகப் போரு எப்பக்கா முடியும்?"

வேறு வழியில்லாமல் ஹைதர் மாடி மாடியாக வெங்காயத்தைச் சும்மாவே கொடுத்தார். பதினைந்து நாள் எங்கள் கட்டடம் முழுவதும் வெங்காயச் சாம்பார், வெங்காயச் சட்னி, வெங்காய பஜ்ஜி. ஆடவர் மகளிர் என்றில்லாமல் லிஃப்டில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். ஷர்மினி என்னிடம், "அம்மா, போதும்மா, நிறுத்திடுங்க" என்றாள். எனக்கும் தூக்கம் போயிற்று. இதில் தோற்றால் அவள் விஷயத்தையும் பேச முடியாது. பதினாறாம் நாள், கடைசி வெங்காயம் தீர்ந்த மறுநாள், அந்தப் பெரிய நாடு வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது! ஹைதர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் பதினான்கு மாடியும் ஏறி ஓடி வந்தார். கையில் ஒரு வெங்காயம் இல்லை, மூச்சு இல்லை, முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா, நீங்க சொன்னது பலிச்சிருச்சுக்கா! நான் ஒழிஞ்சேன், ஆனா பலிச்சிருச்சு!"

அதற்கப்புறம் என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை. நீங்கள் கூப்பிட்டுத் திட்டியது அந்த வாரத்தில்தான்.

ஆகஸ்டு இருபத்தெட்டு வந்தது. மறுநாள் ஐந்து மணிக்குள் ரோட்டர்டாமுக்குப் பதில் போக வேண்டும். காலையில் உங்கள் மாப்பிள்ளை சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "புஷ்பா, எல்லார் முன்னாடியும் கேட்டுருவோம். போர் வருமா வராதா? வராதுன்னு சீட்டு சொன்னா பிள்ளை போகட்டும். வரும்னு சொன்னா பேச்சே இல்ல" என்றார். நான் சரி என்றேன். ஷர்மினியும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூட வந்தாள். ஹைதர் கடையில் நடுமேஜையைத் துடைத்து வைத்திருந்தார்கள். வழக்கமாக உலகத்தைப் பிரித்துக் கொடுக்கிற ஆறேழு பெரியவர்கள் நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசியா பீவி சீட்டைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்து நின்றாள்.

மூன்று சீட்டு எடுத்தேன், அண்ணே. முதலாவது, குதிரை மேல் எலும்புக்கூடு. இரண்டாவது, முதுகில் பத்து வாள் குத்திக் குப்புறக் கிடக்கிறவன். மூன்றாவது, மின்னல் விழுந்து கோபுரம் இடிய, மேலேயிருந்து இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள். எழுபத்தெட்டில் இதைவிட மோசமான மூன்று கிடையாது. கடையில் தேநீர் ஆற்றுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. ஷர்மினி மெல்ல எழுந்து பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "பார்த்தியா?" என்றார் உங்கள் மாப்பிள்ளை. குரலில் வெற்றி இல்லை, பயம்தான் இருந்தது.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எலும்புக்கூட்டை விருந்தாளி என்று சொல்லியிருக்கலாம். ஜெர்மன் புத்தகத்தை யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் இத்தனை நாள் பார்த்ததைச் சொல்லி வந்தவள், இப்போது மாற்றிச் சொல்ல நாக்கு வரவில்லை. அந்தக் கோபுரத்தையே பார்த்தேன். உயரமான கட்டடம், பின்னால் மலை. திடீரென்று முதுகு நிமிர்ந்தது.

"என்னங்க, நல்லாப் பாருங்க. இது யூரோப்பா? இது பதினாலு மாடிக் கட்டடம். பின்னாலே நம்ம பினாங்கு மலை. அடி அங்க விழல, இங்க விழுது!"

எல்லாரும் அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார்கள். நான் விடவில்லை. "நீங்கதான் தினமும் சொல்றீங்க, துறைமுகம் இருக்கு, அக்கரையில விமானத் தளம் இருக்கு, போருன்னா முதல்ல இங்கதான் வருவான்னு. அப்ப பிள்ளையை எதுக்குங்க இங்க பிடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டு, மேஜையைத் தட்டினேன். தட்டினேன் அண்ணே, உள்ளங்கையால், பலமாக, தேநீர் சிந்துகிற அளவுக்கு. யார் முன்னாலும் மேஜையைத் தட்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

உங்கள் மாப்பிள்ளை சிந்திய தேநீரைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு, "இன்னொண்ணு எடு. பிள்ளைக்காக" என்றார். எடுத்தேன். ஒரு படகு. ஒருவன் துடுப்புப் போடுகிறான், ஒரு பெண் முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், அந்தக் கரையில் தண்ணீர் அமைதியாக இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"படகு கிளம்பிருச்சு. இதுக்கு மேல கயித்தைப் பிடிச்சு இழுத்தா கைதான் அறுபடும். ஷர்மினி, போம்மா. நல்லாப் போயிட்டு வா."

ஷர்மினி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்புப் புகை, புகை என்றார். ஹைதர் எல்லாருக்கும் ஒரு சுற்றுத் தேநீர் போட்டார். ஆசியா பீவி முதுகைக் காட்டிக்கொண்டே கைதட்டினாள்.

இதோடு முடியவில்லை. செப்டம்பர் பதினெட்டாம் தேதி வந்ததா? ஐரோப்பாவில் ஒன்றும் நடக்கவில்லை. குங்குமக்காரர் கிரகங்கள் வேறு பக்கம் திரும்பிவிட்டதாகச் சொல்லி வேறு தேதி கொடுத்தார். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு மலையிலிருந்து ஒரு மழை இறங்கியது பாருங்கள், இடி என்றால் அப்படி ஓர் இடி, மின்னல் நேராக எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் விழுந்தது! லிஃப்ட் மோட்டார் கருகிப் போயிற்று. மின்சாரம் போயிற்று. உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பேரைத் தீயணைப்புக்காரர்கள் கதவை நெம்பி, தலை முதலில் வெளியே இழுத்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சீட்டில் இருந்தது போலவே உயரமான கட்டடம், மின்னல், தலைகுப்புற இரண்டு பேர்! ஒரு சொல் பிசகவில்லை. அன்று மாலை மெழுகுவர்த்தி ஏற்றி, பதினான்காம் மாடி முழுவதற்கும் நாங்கள்தான் சார்டின் பரிமாறினோம். குடியிருப்போர் சங்கத் தலைவரே படியேறி வந்து, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னால் ஒரு சீட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

ஷர்மினி இருபத்தைந்தாம் தேதி விமானம் ஏறினாள். போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டாள். முப்பத்தொன்று என்று திரையில் விழுந்ததும் நான் பழைய பழக்கத்தில், "குட் ஆஃப்டர்நூன், யாரோட பேசணும்?" என்று கேட்டுவிட்டேன். இருவரும் சிரித்துச் சிரித்து ஒரு நிமிடம் வீணாயிற்று.

ஆகவே, அண்ணே, எனக்கு உலக நடப்பு தெரியும். இதை நீங்கள் ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதினால் போதும். அண்ணி சாட்சிக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. உங்களுக்கு நீண்ட ஆயுளும், அண்ணிக்கு உங்களைச் சமாளிக்கப் பொறுமையும், தைப்பிங்குக்கு அளவான மழையும் கிடைக்க வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சிறியவர்களுக்கு என் ஆசி, உங்கள் வீட்டுப் பூனைக்கு என் விசாரிப்பு.

உலக நடப்பறிந்த தங்கை,
புஷ்பவள்ளி தயாளன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டுத் தபால்தலை தேடி உங்கள் மாப்பிள்ளையின் இழுப்பறையைத் திறந்தேன். ஷர்மினியின் ரோட்டர்டாம் ஒப்பந்தத்தின் நகல் ஒன்று இருந்தது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் அவர் பெயர், அவர் கையெழுத்து. தேதி, ஆகஸ்டு பன்னிரண்டு. அதாவது நான் மேஜையைத் தட்டியதற்குப் பதினாறு நாள் முன்னால்! கூப்பிட்டுக் கேட்டேன். "பிள்ளை அழுதுச்சு புஷ்பா. போன்னு சொல்லிட்டேன். வேற என்ன பண்ண?" என்றார். அப்புறம் ஏன் என்னிடம் சொல்லவில்லை, அவளையும் ஏன் சொல்ல விடவில்லை என்று கேட்டேன். அவர் பீப்பாய் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "முப்பத்துநாலு வருசத்துல நீ எங்கூட இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினதே இல்ல. சொல்லிட்டா நீ சீட்டைக் கட்டி வச்சிருவியேன்னு..." என்றார். பதினெட்டாம் தேதி மின்னலைப் பற்றிக் கேட்டேன். அது மட்டும் தனக்கும் தெரியாது என்றார். நான் சீட்டை எடுத்து மேஜையில் போட்டேன், நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் வந்துவிட்டார். அண்ணே, இந்தப் பின்குறிப்பை மட்டும் கத்திரித்து எடுத்துவிட்டு மீதியை அண்ணியிடம் சத்தமாகப் படித்துக் காட்டவும்.